ஊர்ச் செய்தி யார் சொல்வது?



உலகச் செய்தி இன்று நம் உள்ளங்கைக்குள் வந்துவிட்டது. எங்கோ ஒரு நாட்டில் ஆட்சி கவிழ்ந்தால், அடுத்த நிமிடமே அம்பத்தூரில் தேநீர் அருந்திக்கொண்டிருப்பவர் அதனை அறிந்துகொள்கின்றார். கடல் கடந்த நாட்டில் நடைபெறும் கிரிக்கெட் ஆட்டத்தில் எவர் எத்தனை ஓட்டம் எடுத்தார் என்பதை நம் வீட்டுச் சிறுவர் மனப்பாடமாய் ஒப்பிக்கின்றனர். நல்லதே. ஆனால் அதே சிறுவரை அருகே அழைத்து, "எதிர்வீட்டுத் தாத்தா நான்கு நாளாய் வெளியே வரவில்லையே, ஏன்?" என்று கேட்டுப் பாருங்கள், விழிப்பார்கள். சிறுவர் மட்டுமா? பெரியோராகிய நாமும் விழிப்போம்.

இம்மாதம் நாம் சிந்திக்க விழைவது இத்தகைய சின்னஞ்சிறு செய்திகளைப் பற்றியே. ஊர்ச் செய்தி என்று நம் முன்னோர் கூறியது எது? அதனைச் சுமந்து திரிந்தவர் யாவர்? அது நின்றுபோனால் நாம் இழப்பது யாது? அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி என்னும் நம் மேற்குப் புறநகர்களில் வாழும் குடும்பங்கள் ஒவ்வொன்றும் இக்கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொள்ள வேண்டிய காலம் வந்துவிட்டது.

ஆங்கில நாட்டுச் சிற்றூர்கள்

இங்கிலாந்து நாட்டுச் சிற்றூர்களைப் பற்றிப் படிப்போர்க்கு ஒரு செய்தி வியப்பளிக்கும். சில நூறு பேரே வாழும் ஊருக்கும் அங்கே ஒரு சிறு செய்தி இதழ் இருப்பதுண்டு. அதில் போரும் தேர்தலும் இடம்பெறுவது அரிது. ஆலய மணியின் கயிறு மாற்றப்பட்டது, முதியோர்க்கு மதிய விருந்து இன்ன நாளில் நடைபெறும், மழையால் பாலத்தருகே சாலை அரித்துவிட்டது, நோயுற்றிருந்த இன்னார் நலம் பெற்று வீடு திரும்பினார் என்பன போன்ற செய்திகளே அதனை நிரப்பும்.

இவ்வழக்கத்திற்கு வித்திட்டவர்களுள் ஒருவர் ஜான் எர்ஸ்கின் கிளார்க் என்னும் ஆங்கிலிக்கன் குரு. டார்பி நகரத்துப் புனித மிக்கேல் ஆலயத்தில் பணியாற்றிய அவர், 1859ஆம் ஆண்டில் பங்கு இதழ் ஒன்றைத் தொடங்கினார். எல்லா ஊருக்கும் பொதுவான கட்டுரைகளை ஒரே இடத்தில் அச்சிட்டு அனுப்புவது, அந்தந்த ஊர்க் குரு தம் ஊர்ச் செய்தியை மட்டும் அச்சிட்டு அதனோடு சேர்த்துக்கொள்வது என்பது அவர் கண்ட உபாயம். செலவு குறைந்தது, ஏழைப் பங்குகளும் இதழ் நடத்த முடிந்தது. சில ஆண்டுகளுக்குள் அந்நாடெங்கும் இம்முறை பரவிற்று.

அதற்கும் எழுபது ஆண்டுகளுக்கு முன்னர், 1789இல், கில்பர்ட் ஒயிட் என்னும் குரு ஒருவர் தம் ஊராகிய செல்போர்னைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். தகைவிலான் குருவிகள் எப்போது வந்தன, எப்போது மறைந்தன, தோட்டத்து ஆமை எந்நாளில் மண்ணுக்குள் புகுந்து உறங்கிற்று என்பன போன்றவற்றையே அவர் ஆண்டுக்கணக்கில் குறித்து வைத்தார். தம் ஊரில் நடப்பது சிறிதாயினும் அது பார்க்கத் தக்கது, எழுதத் தக்கது என்று அவர் மதித்தார். அம்மதிப்பே நம் கருத்திற்கு வேண்டியது. அந்நாட்டுச் சிற்றூர் பலவற்றிலும் இன்று அஞ்சலகமும் கடையும் மூடப்பட்டுவிட்டன. ஆயினும் பல ஊர்களில் தன்னார்வலர் சிலர் கூடி, ஊர் இதழை அச்சிட்டு வீடு வீடாய்ப் போட்டு வருகின்றனர்.

நம் ஏரியூர்கள்

நமக்கு இத்தகைய அச்சிட்ட இதழ் இருந்ததில்லை. ஆனால் ஊர்ச் செய்தி இருந்தது. அது வாய்மொழியாய் ஓடிற்று. இன்றைய அம்பத்தூர்ப் பகுதி அன்று செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்த ஏரியூர்களின் தொகுதி. கொரட்டூர், பட்டரவாக்கம், அயனம்பாக்கம், அயப்பாக்கம், பருத்திப்பட்டு என்று எப்பெயரைச் சொன்னாலும் பின்னால் ஓர் ஏரியோ தாங்கலோ இருக்கும். ஏரி நிரம்பிற்றா, மதகு எப்போது திறக்கப்படும், கலங்கல் வழியே எவ்வளவு நீர் போகின்றது என்பவையே அன்றைய தலைப்புச் செய்திகள். நீர்க்கட்டி என்னும் ஊழியர் கரைமேல் நடந்து வந்து சொல்லும் ஒரு வாக்கியத்தில் ஓர் ஊரின் ஓராண்டுச் சோறு அடங்கியிருந்தது.

நம் ஊர்களின் அன்றாட வாழ்வு எழுத்தில் பதியப்படாமலும் இல்லை. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் ஆங்கிலப் பொறியாளர் செங்கற்பட்டு ஜாகீரில் அடங்கிய ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். ஊர்க் கணக்குப்பிள்ளைமார் ஓலையில் எழுதி வைத்திருந்த விவரங்கள் அவருக்குக் கைகொடுத்தன. எத்தனை வீடு, எவ்வளவு நிலம், விளைச்சலில் கோவிலுக்கு எவ்வளவு, தச்சர், கொல்லர், வண்ணார், நாவிதர், காவற்காரர் ஆகியோர்க்கு எவ்வளவு என்றெல்லாம் அதில் கணக்கு உண்டு. ஓர் ஊரில் யார் வாழ்கின்றார், அவர் பங்கு என்ன என்பதை ஊரே அறிந்திருந்தது என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

கிணற்றடியில் பெண்கள் பரிமாறிக்கொண்ட செய்தி, ஆலமரத்தடியில் ஆடவர் பேசிய செய்தி, சந்தைக்குப் போன வண்டிக்காரர் கொண்டுவந்த செய்தி என ஊர்ச் செய்திக்குப் பல வாய்க்கால்கள் இருந்தன. ஒரு வீட்டில் அடுப்புப் புகையாவிட்டால் அடுத்த வீட்டார் எட்டிப் பார்த்தனர். பிரசவ வலி கண்ட வீட்டிற்கு யாரும் அழைக்காமலே மூதாட்டி ஒருவர் வந்து சேர்ந்தார்.

செய்தி சுமந்த தோள்கள்

நிற்க. பழைய ஊரைப் பற்றிப் பேசத் தொடங்கினால் நமக்குக் கண்ணில் நீர் மல்குகின்றது, "அந்தக் காலம் வருமா?" என்று பெருமூச்சு விடுகின்றோம். பெருமூச்சு விடுமுன் ஒரு கேள்வியையும் கேட்டாக வேண்டும். அந்த ஊர்ச் செய்தியைத் தோளில் சுமந்தவர் யார்?

ஒருவர் இறந்தால், பல கல் தொலைவிலுள்ள உறவினர் ஊர்களுக்கு நடந்து சென்று இழவு சொல்லும் கடமை சேரியில் வாழ்ந்தோர் தலைமீது சுமத்தப்பட்டிருந்தது. பறை அறைந்து ஊர்க் கூட்டத்தை அறிவிக்க வேண்டியவரும் அவரே. வெயிலிலும் மழையிலும் தண்டோரா போட வேண்டியவரும் அவரே. ஊரார் ஒவ்வொருவரின் பிறப்பும் இறப்பும் அவருக்குத் தெரியும். ஆனால் அவர் வீட்டுப் பிறப்பும் இறப்பும் ஊருக்குச் செய்தியாகவில்லை. அவர் வீட்டுத் துயரைச் சொல்லி எந்தத் தெருவிலும் எவரும் பறை அறையவில்லை. ஊர் என்றால் ஓரிடம், சேரி என்றால் வேறிடம் என்று நம் மொழியே பிரித்து வைத்திருந்தது.

நம் திருச்சபையும் இதற்கு முற்றும் விலக்காய் இருக்கவில்லை என்பதை நாணத்தோடு கூற வேண்டியுள்ளது. ஒரே பீடத்திலிருந்து நற்கருணை பெற்றோர்க்கிடையே கல்லறைத் தோட்டத்தில் சுவர் எழுப்பிய பங்குகள் தமிழகத்தில் இருந்தன.

பரம்பரைக் கிராம அலுவலர் முறையை 1980இல் தமிழக அரசு ஒழித்தது. கிராம நிர்வாக அலுவலர் என்னும் பதவி தோன்றிற்று. தண்டோரா போடும் வழக்கமோ அதன் பின்னரும் பல இடங்களில் நீடித்தது. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்கு மடல் எழுதி, இனி அவ்வழக்கம் வேண்டாம், வாகனத்தில் ஒலிபெருக்கி பொருத்தி அறிவித்தால் போதும் என்று பணித்தார். காலம் தாழ்ந்த நீதியாயினும் நீதியே. ஆகவே, பழைய ஊர் அப்படியே திரும்பி வரவேண்டும் என்று நாம் வேண்டவில்லை. அதில் இருந்த அக்கறை வேண்டும். அந்த அக்கறைக்கு அன்று போடப்பட்டிருந்த வேலி வேண்டாம்.

சங்கு ஊதிய காலம்

சுதந்திரத்திற்குப் பின் நம் ஏரியூர்களின் முகம் மாறிற்று. 1949இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்து நிறுவனம் ஒன்றின் கூட்டுறவோடு அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் நிறுவனம் தோன்றிற்று. 1955ஆம் ஆண்டு ஜனவரியில் ஆவடியில் காங்கிரஸ் மாநாடு கூடிச் சமதர்ம பாணிச் சமுதாயமே குறிக்கோள் என்று தீர்மானித்தபோது, ஆவடியின் பெயர் நாடெங்கும் ஒலித்தது. அறுபதுகளில் பாடியில் மோட்டார் உறுப்புத் தொழிற்சாலைகளும், அம்பத்தூரில் தொழிற்பேட்டையும் எழுந்தன. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து விஜயந்தா என்னும் பீரங்கி வண்டி 1965இல் வெளிவந்தது.

தென்பாண்டி நாட்டிலிருந்தும், தஞ்சைத் தரணியிலிருந்தும், வடாற்காட்டிலிருந்தும் தொழிலாளர் வந்து குவிந்தனர். ஏரி மதகை நோக்கி வாழ்ந்த ஊர் ஆலைச் சங்கை நோக்கி வாழத் தொடங்கிற்று. சங்கு ஊதினால் முதல் ஷிப்டு. மீண்டும் ஊதினால் இரண்டாம் ஷிப்டு. வெவ்வேறு மாவட்டம், வெவ்வேறு சாதி, வெவ்வேறு சமயம். ஆனால் ஒரே தெருக்குழாய், ஒரே மளிகைக் கடைக் கணக்கு, ஒரே ரயில். வரிசை வீடுகளில் ஒரு சுவருக்கு இருபுறமும் வாழ்ந்தோர் ஒருவர் வீட்டுக் குழந்தையின் இருமலை மற்றவர் கேட்டனர். இரவு ஷிப்டு முடித்து வந்தவர் உறங்கட்டும் என்று அடுத்த வீட்டுப் பெண்கள் அம்மியைச் சற்றுத் தள்ளிப்போட்டனர். ஆலையில் கதவடைப்பு என்றால், மாலைக்குள் தெருவிலுள்ள ஒவ்வொரு வீட்டிற்கும் அச்செய்தி எட்டும். மளிகைக் கடைக்காரர் கடன் ஏட்டில் ஒரு பக்கத்தைக் கூடுதலாய்த் திருப்புவார்.

பழைய ஊரில் வேலியாய் நின்ற சாதியை இப்புதிய தெருக்கள் முற்றாய் ஒழித்துவிடவில்லை. ஆயினும் ஊர் விட்டு ஊர் வந்தவர்கள் உறவில்லாத இடத்தில் தாமே உறவு சமைத்தனர். ரத்த உறவு இல்லாதவரை "அண்ணே" என்றும் "அக்கா" என்றும் அழைத்தது வெறும் வாய்ச்சொல்லாய் இருக்கவில்லை. அவசரத்திற்குச் சோறும் பணமும் துணையும் தந்த உறவாய் இருந்தது.

எண் அறிவோம், பெயர் அறியோம்

இன்று அக்காலமும் கடந்துவிட்டது. அம்பத்தூர் 2011இல் சென்னை மாநகராட்சியோடு இணைந்தது. ஆவடி 2019இல் தானே மாநகராட்சி ஆயிற்று. வரிசை வீடுகள் இருந்த இடத்தில் அடுக்ககங்கள் உயர்ந்துள்ளன. வசதி பெருகியுள்ளது, அதனை நாம் குறை கூறவில்லை. தண்ணீர்க் குடத்தோடு இரவு இரண்டு மணிக்கு வரிசையில் நின்றவர்கள், வீட்டுக்குள் குழாய் வந்ததற்கு இறைவனுக்கு நன்றி சொல்வது நியாயமே.

அண்மையில் நோயாளி ஒருவரைச் சந்திக்க அத்தகைய அடுக்ககம் ஒன்றிற்கு நாம் சென்றிருந்தோம். வாயிற்காவலரிடம் பெயரைக் கூறி வழி கேட்டோம். "பேர் சொன்னா தெரியாது ஃபாதர், வீட்டு நம்பர் சொல்லுங்க" என்றார். எண் நம்மிடம் இல்லை. அவ்வழியே வந்த ஓர் அம்மையாரிடம் கேட்டோம், அவருக்கும் தெரியவில்லை. பிறகு தொலைபேசியில் பேசி எண்ணை அறிந்து மேலே சென்றால், நோயாளியின் வீடு அந்த அம்மையாரின் வீட்டிற்கு நேர் எதிர்வீடு! அவ்வம்மையார் கொடியவர் அல்லர். செய்தி அறிந்ததும் பதறி வந்தார். அன்று மாலையே கஞ்சி வைத்துக் கொண்டுவந்து கொடுத்தாராம். ஏழு வாரமாய் எதிர்வீட்டில் ஒருவர் படுத்த படுக்கையாய் இருக்கின்றார் என்பதை அவருக்குச் சொல்ல எவரும் இல்லை, அவ்வளவே. இரக்கம் வற்றிவிடவில்லை. இரக்கத்திற்கு வழிகாட்டும் செய்திதான் வந்து சேரவில்லை.

அந்த அடுக்ககத்திற்கும் வாட்ஸ்அப் குழு ஒன்று உண்டு. அதில் நாள்தோறும் காலை வணக்கப் படங்கள் வருகின்றன; மின்தூக்கி பழுது, குப்பை வண்டி வரவில்லை என்னும் முறையீடுகள் வருகின்றன. "எனக்கு உடல்நலம் இல்லை, யாரேனும் வந்து போங்கள்" என்று அதில் எழுத நோயாளிக்குக் கூச்சம். எழுதினால் பிறருக்குத் தொல்லையாகுமோ என்னும் அச்சம். செய்திக் கருவி கையில் இருந்தும் செய்தி சொல்லும் உரிமை தமக்கு உண்டு என்று மக்கள் நம்புவதில்லை. இதனையே நாம் பெரும் இழப்பாய்க் கருதுகின்றோம்.

இவ்விழப்பின் விலை என்ன என்பதை 2015ஆம் ஆண்டு டிசம்பர்த் தொடக்கத்தில் கண்டோம். நம் மேற்குப் புறநகரின் பேரேரியாகிய செம்பரம்பாக்கத்தின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கனஅடி. ஆழம் 24 அடி. டிசம்பர் முதல் நாளில் பெய்த பெருமழையில் ஏரி நிரம்பும் நிலையை எட்டிற்று. நொடிக்கு ஏறத்தாழ 29,000 கனஅடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. கரையோரக் குடும்பங்கள் பலவற்றிற்கு எச்சரிக்கை உரிய நேரத்தில் எட்டவில்லை என்பது அன்று எங்கும் கேட்ட குறை. மின்சாரம் நின்றது; கைபேசிகள் ஊமையாயின. ஒரு காலத்தில் ஏரி நிறைந்த செய்தியைக் கரைமேல் நடந்து வந்து சொன்ன நீர்க்கட்டியின் இடத்தில் எவரும் இல்லாத அவலம் அன்றிரவு தெரிந்தது. தண்ணீர் இடுப்பளவு வந்தபின் எந்த வீட்டில் நடக்க இயலாதவர் உள்ளார், எந்த வீட்டில் கைக்குழந்தை உள்ளது என்று அறிந்திருந்தோரே முதலில் உயிர்களைக் காத்தனர். படகோடு வந்த மீனவர்க்கும் இளைஞர்க்கும் வழிகாட்ட வேண்டியிருந்தது. வழிகாட்ட அண்டை வீட்டாரை அறிந்த ஒருவர் வேண்டியிருந்தது.

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தபோது மற்றொன்றைக் கண்டோம். ஒடிசா, பீகார், ஜார்க்கண்டு, அசாம் மாநிலங்களிலிருந்து வந்து நம் தொழிற்பேட்டைகளில் உழைக்கும் தொழிலாளர் நம் தெருக்களின் பின்புறத்திலேயே, ஓரறைக்குப் பலராய் வாழ்ந்து வந்தனர். ஆலை மூடிற்று, கூலி நின்றது, ஊர் போக ரயில் இல்லை. அவர்கள் பட்டினியை நாம் தொலைக்காட்சியில் பார்த்தே அறிந்தோம். அறுபதுகளில் நம் தந்தையர் வந்து இறங்கிய அதே பேட்டை. அவர்கள் தங்கிய அதே போன்ற ஓரறை. ஆயினும் இவர்களுக்கு "அண்ணே" என்றழைக்க ஒருவர் கிடைக்கவில்லை. பழைய ஊருக்குச் சேரி எப்படியோ, புதிய புறநகருக்கு இவர்கள் குடியிருப்பு அப்படி ஆகிவிடலாமா?

குத்தம்பாக்கம் காட்டும் வழி

வேலியில்லாத ஊர் இயலுமா என்று ஐயுறுவோர், பூவிருந்தவல்லிக்கு மேற்கே சில கல் தொலைவிலுள்ள குத்தம்பாக்கத்தைப் பற்றி அறிந்துகொள்வது நன்று. அவ்வூரில் பிறந்து, வேதிப் பொறியியல் பயின்று, நல்ல வேலையில் இருந்த இளங்கோ ரங்கசாமி என்னும் தலித் சமூகத்தவர், அவ்வேலையைத் துறந்து ஊர் திரும்பினார். 1996இல் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பெற்று, இருமுறை அப்பொறுப்பை வகித்தார். ஊரின் செய்தி ஊரார் எல்லாருக்கும் பொதுவாக வேண்டும் என்பதற்குக் கிராம சபையை அவர் பெரிதும் பயன்படுத்தினார். வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு, எந்தத் தெருவிற்கு என்ன குறை என்பதை ஊர் கூடிக் கேட்கவும் வினவவும் வழி செய்தார்.

அரசின் சமத்துவபுரம் திட்டம் அவ்வூருக்கு வந்தபோது இரட்டை வீடுகள் கட்டப்பட்டன. ஒரே கட்டடம், நடுவே ஒரே சுவர், ஒருபுறம் தலித் குடும்பம், மறுபுறம் பிற சாதிக் குடும்பம். சுவருக்கு இப்பால் குழந்தை அழுதால் அப்பால் கேட்கும். கேட்டவர் எத்தனை நாளைக்குக் கேளாதவர்போல் இருக்க முடியும்? ஆலைத் தெருக்களில் தாமாய் நேர்ந்ததை இங்கே திட்டமிட்டே செய்தனர். எல்லாக் கசப்பும் ஒரு நாளில் நீங்கிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. ஆனால் ஒருவர் வீட்டுச் செய்தி மற்றவர்க்குச் செய்தியாக வேண்டுமாயின் முதலில் அருகே குடியிருக்க வேண்டும் என்னும் உண்மையை அவ்வூர் கல்லும் மண்ணும் கொண்டு எழுதிக் காட்டிற்று.

ஊராட்சிகளுக்குக் கிராம சபை இருப்பதுபோல், நகரப் பகுதிகளுக்குப் பகுதி சபை என்னும் ஏற்பாட்டைத் தமிழக அரசு 2022ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாளில் தொடங்கிற்று. அம்பத்தூரிலும் ஆவடியிலும் வாழும் நம்மில் எத்தனை பேர் அதில் போய் அமர்ந்துள்ளோம்? குடிநீர், சாக்கடை, ஏரிக் கரை பற்றிய ஊர்ச் செய்தியை நாம் அங்கே சொல்லாவிட்டால் நமக்காக யார் சொல்வார்?

நம் வீட்டில் உள்ள ஏடு

ஊர்ச் செய்தியைப் பேணுவது திருச்சபைக்குப் புதியதன்று. நம் ஆலயங்களில் மணமக்கள் பெயரை மூன்று முறை அறிவிப்பதை இன்றும் ஓலை வாசித்தல் என்றே அழைக்கின்றோம். 1563இல் திரிதெந்தின் பொதுச்சங்கம் அதனைக் கட்டாயமாக்கிற்று. திருமணப் பதிவேட்டையும் பங்குக் குரு பேண வேண்டும் என்றது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்கு நூல் ஒருபடி மேலே சென்று, பங்கிலுள்ள ஒவ்வொரு வீட்டையும், அவ்வீட்டில் வாழும் ஒவ்வோர் ஆளையும் எழுதி வைக்கும் ஓர் ஏட்டை வைத்திருக்கச் சொல்லிற்று. அதன் பெயரே ஆன்மாக்களின் நிலை என்பது. நம் பங்கு அலுவலகங்களில் உள்ள குடும்பப் பதிவேடு அதன் வழித்தோன்றலே.

ஆனால் ஒரு பங்குத்தந்தை எவ்வளவுதான் எழுதுவார்? பல நூறு குடும்பங்கள் உள்ள புறநகர்ப் பங்கில், வீடு மாறிப் போவோரும் புதிதாய் வருவோரும் மாதந்தோறும் உளர். மேலும், ஏட்டில் இருப்பது கத்தோலிக்கர் பெயர் மட்டுமே. தெருவில் வாழ்வோர் எல்லாச் சமயத்தவரும் அல்லரோ? ஆதலால் இவ்வேலை குடும்பங்களின் வேலை, உங்கள் வேலை.

எளிய சிலவற்றைக் கூறுகின்றோம். அன்பியக் கூட்டத்தில் செபமும் பாடலும் முடிந்ததும் பத்து நிமிடம் ஊர்ச் செய்திக்கு ஒதுக்குங்கள். நம் தெருவில் நோயுற்றவர் யார், வேலை இழந்தவர் யார், புதிதாய்க் குடிவந்தவர் யார், தனியே வாழும் முதியவர் யார் என்னும் நான்கு கேள்விகள் போதும். சமயம் பாராமல் எல்லா வீட்டையும் எண்ணுங்கள். பின்புறத்து ஓரறையில் வாழும் வடமாநில இளைஞர்களை மறவாதீர்கள். அவர்களுள் ஒருவரது பெயரையும் தொலைபேசி எண்ணையும் அறிந்து வைப்பது பெரிய காரியமன்று. வின்சென்ட் தே பவுல் சபை 1833இல் பாரிசு நகரில் தொடங்கியபோது, அதன் இளைஞர்கள் செய்த முதல் வேலை ஏழையின் வீட்டுக்கு நேரில் போய்ப் பார்த்ததே. பணம் அதன் பின்னரே வந்தது.

இல்லத்தரசியர் சிலர் உடனே கேட்பர்: "பிறர் வீட்டுக் காரியத்தைப் பேசுவது வம்பு ஆகாதோ சுவாமி?" நியாயமான கேள்வி. வம்பும் ஊர்ச் செய்தியும் ஒரே வாசலில் பிறந்தவை போலத் தோன்றும். வேறுபாடு அதன் முடிவில் உள்ளது. நீங்கள் ஒன்றைச் சொல்லியபின் கேட்டவர் எழுந்து ஒரு பாத்திரத்தில் கஞ்சியோடு அவ்வீட்டிற்குப் போனால் அது செய்தி. கேட்டவர் சிரித்துவிட்டு அடுத்த வீட்டில் அதனைச் சொல்லப் போனால் அது வம்பு. இன்னும் ஒன்று: எவரைப் பற்றிய செய்தியோ அவர் எதிரே அமர்ந்திருந்தால் அதே சொற்களில் அதனைச் சொல்வீர்களா என்று உங்களை நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். சொல்லத் தயங்குவீர்களாயின் அதனை விட்டுவிடுங்கள். குடும்பச் சண்டை, கடன், பெண்பிள்ளையின் காரியம் ஆகியவற்றைக் கூட்டத்தில் பேசவே வேண்டாம். உரியவர் தாமே வந்து உதவி கேட்குமளவுக்கு நம்பிக்கைக்குரியவராய் நடந்துகொண்டாலே போதும்.

அத்துடன், நம் வீட்டுச் செய்தியைப் பிறர்க்குச் சொல்லவும் பழகுவோம். நம்மில் பலர் உதவி செய்ய முந்துவோம். உதவி கேட்க நாணுவோம். மகிழ்ச்சியை அட்டையடித்து அறிவிக்கும் நாம் நோயை மட்டும் கதவடைத்து மறைக்கின்றோம். "எனக்கு நலமில்லை, வந்து பாருங்கள்" என்று அண்டை வீட்டாரிடம் ஒரு முறை சொல்லுங்கள். அது அவர்களுக்குத் தொல்லையாகாது. நாளை அவர்களும் உங்களிடம் கூச்சமின்றி வர அது வாசலைத் திறந்து வைக்கும்.

செயலுக்கு ஒரு தொடக்கம் வேண்டுமன்றோ? இவ்விதழைப் படித்து முடித்ததும் ஒரு தாளை எடுத்து, உங்கள் வீட்டிற்கு வலப்புறம் ஐந்து வீடு, இடப்புறம் ஐந்து வீடு, எதிரே ஐந்து வீடு என்று குறியுங்கள். அடுக்ககமாயின் மேலும் கீழும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் வாழ்வோர் பெயரை எழுதுங்கள். எத்தனை கட்டங்கள் வெறுமையாய் நிற்கின்றன என்று பாருங்கள். அடுத்த மாதத்திற்குள் அவற்றுள் இரண்டையேனும் நிரப்புங்கள். நிரப்பும்போது அறிந்த நல்ல செய்தி ஏதேனும் இருப்பின், உரியவர் இசைவு பெற்று நமக்கு எழுதுங்கள். உங்கள் தெருவின் ஊர்ச் செய்தியை ஆவலோடு எதிர்நோக்குகின்றோம்.